மனச்சோர்வு தேறிய பிறகும் துணை மாத்திரை: என் 20 மாத அனுபவம்

மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டாலோபிராம் 20 மில்லிகிராம் எடுத்தும் நான் பாதிதான் தேறினேன். அதனால் டாக்டர் கூடவே அரிபிப்ரசோல் 2.5 மில்லிகிராம் சேர்த்தார். மனச்சிதைவுக்கென்று வந்த மருந்து அது. மனச்சோர்வு மருந்துக்குத் துணையாகக் கொடுக்க அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது.

மூன்றாவது வாரம் மலேசியாவில் எங்கள் பட்டர்வொர்த் பாசாரில் (சந்தையில்) வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கினேன். மாதக்கணக்கில் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தவள் நான். வீட்டுக்கு வந்துதான் அது உறைத்தது, அழுதுவிட்டேன்.

அளவை 5 மில்லிகிராமாக ஏற்றியதும் காலில் ஒரு பரபரப்பு பிடித்துக்கொண்டது. பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகும் ஃபெரியில் உட்கார முடியாமல் கரை வரும்வரை நடந்துகொண்டே இருந்தேன். இது பதற்றம் அல்ல, மருந்தின் பக்கவிளைவு. இப்படி இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். எனக்கு மறுபடி 2.5க்குக் குறைத்ததும் அடங்கியது.

இரண்டாம் மாத முடிவில், "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு ரெண்டு மாத்திரை?" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. யாரையும் கேட்காமல் துணை மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது வாரம் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, பழைய கனம். அரிபிப்ரசோல் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் மூன்று நாள் ஆகும், முழுதாக வெளியேற இரண்டு வாரத்துக்கு மேல். நிறுத்திய முதல் சில நாட்கள் நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

திரும்ப ஆரம்பித்தபின் இன்னொரு கோளாறு. நான் போன கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அதே சீட்டு, அதே மாத்திரை. எடை பார்க்கவில்லை, சர்க்கரை பார்க்கவில்லை, எதுவரை என்றும் யாரும் பேசவில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். மருந்தைச் சேர்க்கும் அன்றே, எப்போது மறுபரிசீலனை என்று ஒரு தேதி குறித்திருக்க வேண்டும்.

அப்புறம் வேறு டாக்டரிடம் மாறினேன். அவர் கையை நீட்டச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். இந்த வகை மருந்து நீண்ட காலம் போனால் வாய், நாக்கு தானாக அசையும் கோளாறு சிலருக்கு வரலாம், அதற்காகத்தான். எவ்வளவு காலம் என்று கேட்டேன். திட்டவட்டமான விடை கிடையாது, இதில் ஆய்வுகள் குறைவு என்றார். 2006இல் இதே வகை மருந்தான ரிஸ்பெரிடோனை வைத்து வந்த ஓர் ஆய்வில், தேறியவர்கள் அதை 24 வாரம் தொடர்ந்தபோதும், வெற்று மாத்திரைக்கு மாறியவர்களோடு ஒப்பிட்டால் நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஆனால் எனக்கு நிறுத்தி ஒருமுறை திரும்பியிருக்கிறதே! அதனால் முழுதாகத் தேறி ஒன்பது மாதம் தொடர்ந்தோம்.

பிறகு ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், அடுத்த மாதம் வாரம் இருமுறை, அதோடு நிறுத்தம். இந்த மருந்து உடம்பில் நெடுநாள் தங்குவதால் இப்படிக் குறைக்க முடிந்தது. குவெட்டியாபின், லித்தியம் போன்ற வேறு துணை மருந்து என்றால் வழி வேறு. எஸ்சிட்டாலோபிராமைத் தொடவே இல்லை. இரண்டில் ஒரே நேரத்தில் கை வைத்தால் எதனால் சரிந்தோம் என்றே தெரியாது. எனக்கு இது இரண்டாவது முறை வந்த மனச்சோர்வு, அதனால் அந்த மாத்திரை இரண்டு வருடமாவது ஓடும்.

நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: மூன்று நாள் தொடர்ந்து விடிகாலை விழித்தால், குளிக்கத் தள்ளிப்போட்டால், முற்றிய வெண்டைக்காய் வாங்கி வந்தால், என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் போடுங்கள் என்று.