ஒரு ஸ்பேனரில் அடங்கும் பம்பு: மலாவியில் பார்த்த அஃப்ரிடெவ்

இருபத்தெட்டு ஆண்டுகள் கோவை வட்டாரத்தில் அடிபம்பு பழுது பார்த்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பம்புதான் கண்ணில் படும். 2023 ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடான மலாவியின் தென்பகுதியில், ஸோம்பாவில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்தேன். அவளுடன் வேலை செய்பவர் ஒருவர் தன் சொந்த ஊருக்கு அழைத்தார். செம்மண் சாலையில் ஒன்றரை மணி நேரப் பயணம். "எங்கள் திருச்சபைப் பம்பு இருபது முறை அடித்தால்தான் தண்ணீர் விடுகிறது, நீங்கள் ஒருமுறை பாருங்களேன்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் இப்படிச் சொன்னால் போதாதா?

அங்கே நின்றது அஃப்ரிடெவ் வகை அடிபம்பு. டி வடிவக் கைப்பிடி, சிமெண்ட் மேடை, கழிவுநீர் போகும் வழியில் நான்கைந்து வாழை. நம் ஊர்களில் நின்ற மார்க் 2 பம்புக்கு இது ஒருவகையில் பங்காளி. மார்க் 2-வின் மாதிரிகளை 1970களின் நடுவில் சோதித்தது எங்கள் கோவைப் பக்கத்தில்தான். அதற்கும் முன்னோடி மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் ஊழியர்கள் உருவாக்கிய பம்பு. வார்ப்பிரும்புப் பம்புகள் உடைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் அவர்கள். ஆக, சபைக்கும் அடிபம்புக்கும் உள்ள உறவு புதிதல்ல.

மார்க் 2-வை நான் குறைத்துப் பேச மாட்டேன், எனக்குச் சோறு போட்ட பம்பு அது. ஆனால் அடியில் ஒரு வாசர் தேய்ந்தாலும் இரும்புக் குழாய் முழுவதையும் தூக்க வேண்டும். முக்காலி, கிளாம்பு, சங்கிலி, நான்கைந்து ஆட்கள், ஒரு வண்டி. வண்டி வராத வாரங்களில் ஊரார் எங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். 1980களின் தொடக்கத்தில் மலாவியில் மால்தேவ் என்று ஒரு பம்பு செய்தார்கள். அது பிறகு கென்யாவில் மெருகேறி அஃப்ரிடெவ் ஆனது. ஊராரே கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்பதுதான் அதன் குறிக்கோள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கத்தான் நான் மேடையில் உட்கார்ந்தேன்.

ஐந்து பெண்கள் வந்தார்கள். தண்ணீர்க் குழுவின் பொருளாளர் இடுப்பில் சிதெஞ்சே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு ஸ்பேனரை எடுத்தார். மூடியைத் திறந்தார், கைப்பிடியை விடுவித்தார். கைப்பிடியையும் அடியிலுள்ள பிஸ்டனையும் இணைக்கும் ராடுகளை ஒவ்வொன்றாக மேலே இழுக்க இழுக்க, இன்னொருவர் கொக்கியிலிருந்து கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். மூன்று மீட்டர் ராடு, மொத்தம் ஒன்பது. பிஸ்டனும் கூடவே வந்துவிட்டது. வெளிக்குழாய் அசையவே இல்லை, அது கிணற்றிலேயே நிற்கிறது. பிறகு நுனியில் ஒரு பிடிகொக்கியை மாட்டி ராடுகளை மறுபடி இறக்கி, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடிவால்வைப் பிடித்து மேலே கொண்டுவந்தார்கள். நான் நினைத்தபடியே அதில் ரப்பர் தேய்ந்திருந்தது. புது ரப்பர் மாட்டி, எல்லாவற்றையும் இறக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் கை வைத்தது ஒரே இடத்தில், அதுவும் என் ஆர்வக்கோளாறால். "அமாயி (அம்மா), நான் பிடிக்கிறேன்" என்று குறுக்கே போனேன். நாசூக்காக நகர்த்திவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் 20 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிறைந்தது. அந்த ஆழத்துக்கு அது சரியான அளவுதான். பத்து வயதுப் பெண் தன் எடையைக் கைப்பிடியில் போட்டு ஊஞ்சல் போல ஆடியே அடித்தாள். நாற்பத்தைந்து மீட்டர் வரைதான் இந்தப் பம்பு இறங்கும். அதற்கும் கீழே தண்ணீர் போய்விட்ட ஊர்க்காரர்கள் இதை மறந்துவிடலாம்.

இனி சபைக் கதை. ஸ்காட்லாந்து மிஷனரிகள் மலாவியின் ப்ளான்டயரில் இறங்கியது 1876இல். அந்த நகரத்தின் பெயரே ஸ்காட்லாந்து மிஷனரி லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயர். இன்றும் அங்குள்ள பல பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு ஸ்காட்லாந்தில் கூட்டாளிச் சபை உண்டு. இந்த ஊருக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பணம் அனுப்பி, போர்வெல் போட்டு, பம்பு நிறுத்தி, கல்வெட்டும் வைத்தார்கள். ரிப்பேர் செய்ய யாருக்கும் சொல்லித்தரவில்லை. இரண்டாம் ஆண்டில் பம்பு நின்றது, பெண்கள் பழைய ஊற்றுக்குழிக்கே திரும்பினார்கள். கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்ததாம்.

பிறகு ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்துக் கூச்சப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வந்த பணம் இன்னொரு போர்வெல்லுக்குப் போகவில்லை. குழுவுக்குப் பயிற்சி, சுற்றுவட்டாரத்துக்கு ஒரு மெக்கானிக், சபை அறையில் ஒரு பெட்டி உதிரிபாகம் என்று செலவாயிற்று. பெட்டியில் குறைவதை ஊர்தான் நிரப்ப வேண்டும். வீட்டுக்கு மாதம் 300 குவாச்சா வசூல், நம் பணத்தில் இருபத்தைந்து ரூபாய்க்கும் குறைவு. கையில் காசில்லாதவர்கள் அறுவடைக்குப் பிறகு மக்காச்சோளமாகக் கொடுக்கிறார்கள். பொருளாளரின் நோட்டைப் புரட்டினேன். எங்கள் அலுவலக லெட்ஜரைவிடச் சுத்தமாக இருந்தது. 2022-23இல் நாடு முழுவதும் 1,700 பேருக்கு மேல் பலிகொண்ட காலராவுக்குப் பின் வசூலுக்கு யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை என்றார்.

குறைகளும் சொல்ல வேண்டும். பெட்டிச் சாவி ஒரே ஒரு மூப்பரிடம் இருக்கிறது. அவர் உறவினர் வீட்டுச் சாவுக்குப் போனதால், நான் போனதற்கு முந்தைய மாதம் இரண்டு ரூபாய் பெறாத ரப்பருக்காக மூன்று நாள் பம்பு சும்மா நின்றிருக்கிறது. வெளிக்குழாய் பசை போட்டு ஒட்டிய பி.வி.சி. என்பதால் அதில் விரிசல் விட்டால் இந்த ஒற்றை ஸ்பேனர் உதவாது, மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். கடைசியாக வாங்கிய ராடுகளில் இரண்டின் கொக்கி அதற்குள் வாய் விரிந்திருந்தது. மலிவுச் சரக்கு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று இருந்தது. சத்தமில்லாமல் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன்.

உங்கள் சபையோ சங்கமோ எங்காவது பம்பு வாங்கிக் கொடுக்க நினைத்தால் தாராளமாக இதையே வாங்கலாம். கல்வெட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டாவது சாவி ஒன்று செய்து பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும்போது நசிமாவும் (மக்காச்சோள மாவுக் களி) கீரையும் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொருளாளர் கேட்டார்: "உங்கள் ஊரில் பம்பை யார் திறப்பது, பெண்களா?"

"இல்லை அமாயி, இப்போதெல்லாம் மோட்டாரும் குழாயும்தான்."

"கெட்டுப்போனால்?"

"அலுவலகத்துக்குப் போன் செய்வோம்."

"உடனே வந்துவிடுவார்களா?"

நான் இன்னொரு கரண்டி நசிமா கேட்டு வாங்கிக்கொண்டேன்.