"1–7 லிட்டர்" ஆக்ஸிஜன் மெஷினில் மூன்று மாதச் சம்பளம் போச்சு, நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நேற்று ராத்திரி கடைசி பதில் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." ஒன்றும் தீரவில்லை. அக்காவின் மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. அத்தானுக்காக வாங்கிய ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறைக்காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) மூலையில் கிடக்கிறது. வீட்டில் சிஓபிடி என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ நுரையீரல் தழும்பு நோயோ உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து படியுங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அத்தானின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது இவ்வளவுதான்: மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 88–92%. வார்டில் சுவர் ஆக்ஸிஜன் லைனிலிருந்து 2 லிட்டர் கொடுத்தபோது 90, 91 என்று நிலையாக நின்றது. வீட்டுக்கு அனுப்ப எல்லாம் தயார், மெஷின் மட்டும் இல்லை. இந்த ஒரு நாள் அவசரத்தில்தான் குடும்பங்கள் மாட்டுகின்றன. எது சீக்கிரம் வருமோ அதை வாங்கிவிடுகிறார்கள்.

வாங்கியது எல்லாச் சாமானும் விற்கிற ஓர் ஆன்லைன் தளத்தில், மருத்துவக் கருவி என்று கடை விரித்திருக்கும் ஒருவரிடம். பெயர் போடவில்லை. இதே பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டிப் பல இடங்களில் விற்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் சரியென்று ஆகிவிடும்.

வார்டு ஆக்ஸிஜன் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற வேலை என்பதால் அக்கா என்னைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினாள். விற்பவரைப் போனில் பிடித்து "சுத்தம் எவ்வளவு, அதாவது வெளிவரும் காற்றில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன். "93 பர்சென்ட் சார், பிளஸ் ஆர் மைனஸ் 3" என்றார். நல்ல கான்சன்ட்ரேட்டருக்கு எழுதியிருக்கும் கணக்கு அச்சாக அதுதான், 90 முதல் 96 வரை. துறை தெரிந்தவர் பேசுவது போலவே இருந்தது, நம்பிவிட்டேன். கேட்காமல் விட்டது ஒரே கேள்வி: எத்தனை லிட்டரில்?

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், கான்சன்ட்ரேட்டர் ஆக்ஸிஜனை உண்டாக்குவதில்லை. அறைக்காற்றில் 21% ஆக்ஸிஜன், 78% நைட்ரஜன். கம்ப்ரசர் காற்றை அழுத்தி, ஜியோலைட் மணிகள் நிரம்பிய தொட்டிக்குள் தள்ளும். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்ஸிஜன் வெளியே வரும். மணிகள் நிறைந்ததும் அழுத்தத்தை இறக்கி நைட்ரஜனை வெளியே விட்டாக வேண்டும். அந்த நேரத்தில் இரண்டாவது தொட்டி வேலை செய்யும். ஆக, எவ்வளவு ஆக்ஸிஜன் வரும் என்பது கம்ப்ரசரின் பலத்தையும் மணிகளின் அளவையும் பொறுத்தது. உண்மையான 5 லிட்டர் மெஷின் பொதுவாக 14 கிலோவாவது இருக்கும், 300 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும். வந்த பெட்டி ஐந்தரைக் கிலோ. பின்பக்கத் தகட்டில் 120 வாட். 7 லிட்டர் எங்கிருந்து வரும்?

முதல் ராத்திரியே அக்கா போன் செய்தாள். "தம்பி, மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனா அத்தானுக்கு 84, 85க்கு மேல ஏறவே மாட்டேங்குது. நானும் 7 வரைக்கும் திருகிப் பார்த்துட்டேன்டா." திரையில் மட்டும் 93% என்று பச்சை எழுத்து. 1இல் வைத்தாலும் 93, 7இல் வைத்தாலும் 93. அது அளந்து காட்டுகிற எண் இல்லை, எழுதி வைத்த எண்.

மறுநாள் கையடக்க ஆக்ஸிஜன் அனலைசரைக் கொண்டுபோய், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலைக் கழற்றிவிட்டு, மெஷின் வாயிலேயே மாட்டி, ஒவ்வொரு அளவிலும் பத்து நிமிடம் ஓடவிட்டுக் குறித்தேன். 1 லிட்டரில் 90%. 2இல் 57. 3இல் 45. 5இல் 35. 7இல் 31.

இதில் அறைக்காற்றின் 21ஐக் கழித்துப் பாருங்கள். 2 லிட்டரில் கூடுதலாகக் கிடைப்பது 36%, அதாவது 0.72 லிட்டர். 7 லிட்டரில் 10%, அதாவது 0.70 லிட்டர். எவ்வளவு திருகினாலும் நோயாளிக்குக் கூடுதலாகப் போவது அதே முக்கால் லிட்டருக்கும் குறைவான ஆக்ஸிஜன்; மிச்சம் அறைக்காற்றைக் கலந்து ஊதுவதுதான். 93% தரும் நல்ல மெஷினில் 2 லிட்டருக்கு 1.44 லிட்டர் கூடுதலாகப் போகும். அத்தானுக்குக் கிடைத்தது சரியாகப் பாதி மருந்து. மூன்று மாதச் சம்பளத்துக்குப் பாதி மருந்து, மூக்கு காய்ந்து புண்ணானது வேறு.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் நாள், "புது மெஷின், இரண்டு நாள் ஓடினால் செட் ஆகிவிடும்." பொய். ஆன் செய்த சில நிமிடங்களில் சுத்தம் ஏறிவிட வேண்டும். அடுத்து, "ஃபில்டரைக் கழுவுங்கள்." உறை பிரித்து ஒரு நாள்கூட ஆகாத ஃபில்டர். அடுத்து, "உங்கள் ஆக்ஸிமீட்டர் தப்பு." அதே ஆக்ஸிமீட்டர் அக்கா விரலில் 98 காட்டியது, அத்தானுக்கு வார்டு மானிட்டரோடு ஒத்துப்போனது. அனலைசர் படங்களை அனுப்பினேன். "அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதித்த அறிக்கை வேண்டும்" என்றார்கள். எந்த மையம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பிறகு, "மூக்கில் மாட்டிய கருவி, சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க முடியாது." மூக்கில் மாட்டுவது குழாயைத்தானே! புதுக் குழாய் சொற்பக் காசு, அதற்காக மெஷினையே மறுக்கிறார்கள். தளத்தைக் கேட்டால் விற்பனையாளரைக் கேள், விற்பனையாளரைக் கேட்டால் தளத்தைக் கேள். பதினோரு நாள் அலைக்கழித்துவிட்டு நேற்று "தீர்க்கப்பட்டது."

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நூலிழையில் தப்பியது. இரண்டாம் நாள் வாடகைக்கு சிலிண்டர் எடுத்தோம். 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம், ஆக 1500 லிட்டர். 2 லிட்டரில் ஓடினால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். அக்கா ஃப்ளோமீட்டரை நேரே 7க்குத் திருப்பப் போனாள். இந்த மெஷின் பழக்கிய கை அது. சிலிண்டரில் இருப்பது கிட்டத்தட்ட முழு ஆக்ஸிஜன். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிஓபிடி நோயாளிக்கு 7 லிட்டர் கொடுத்தால் சாச்சுரேஷன் 98 என்று அழகாக ஏறும், ஆளுக்குத் தலை வலிக்கும், தூக்கம் அழுத்தும், கடைசியில் எழுப்பினாலும் எழ மாட்டார். 88–92 என்று எழுதியிருப்பது அதற்காகத்தான். பொய்யான மெஷினில் வைத்திருந்த எண்ணை ஒருபோதும் சிலிண்டரில் வைக்காதீர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. நல்ல மெஷின் ஒன்று வாடகைக்குப் பார்க்கக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில மட்டும். "93%" என்று யார் சொன்னாலும், எழுதியிருக்கும் அதிகபட்ச லிட்டரில் எவ்வளவு என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எடையையும் வாட்டையும் முதலில் பாருங்கள். சுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு இல்லாத மெஷின் வேண்டாம். பழைய மெஷின் என்றால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள். ஈரம் பட்ட ஜியோலைட் வீண். மூச்சிழுக்கும்போது மட்டும் விடும் பல்ஸ் மெஷினில் "2" என்றால் 2 லிட்டர் இல்லை, டாக்டரைக் கேட்காமல் தூக்கத்தில் மாட்டாதீர்கள். முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே மெஷினை வார்டுக்குக் கொண்டுபோய், நோயாளிக்கு அரை மணி நேரம் மாட்டி, நர்ஸ் முன்னால் சாச்சுரேஷன் பாருங்கள். அங்கே ஏறாதது வீட்டிலும் ஏறாது.