எம்.டி.எஃப். கடனில் பங்கு வாங்கிய அனுபவம்: வட்டிக் கணக்கு சுத்தம், வாங்கும் திரைதான் சரியில்லை

திருப்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகப் பங்கு வாங்குகிறேன், எல்லாம் கைப்பணத்தில். 2024 ஜூன் 3 அன்றுதான் முதல்முறையாக என் டிஸ்கவுண்ட் புரோக்கரின் ஆப்பில் எம்.டி.எஃப். என்கிற மார்ஜின் கடனில் வாங்கினேன். விலையில் ஒரு பகுதியை நாம் போட, மீதியைப் புரோக்கர் வட்டிக்குக் கடனாகத் தருவதுதான் இது. தேர்தல் கருத்துக்கணிப்பைப் பார்த்து சந்தை துள்ளிய நாள் அது.

எஸ்.பி.ஐ. பங்கு 100, விலை 900-ஐ ஒட்டி. திரையில் 'தேவையான தொகை 22,500' என்று தடித்த எழுத்தில் வந்தது. மீதி 67,500 ரூபாய் கடன் என்பதும், நாளுக்கு 0.04 சதவீத வட்டி என்பதும் பக்கத்தில் இருந்த சின்ன வட்டத்தைத் தொட்டால்தான் தெரியும். நான் தொடவில்லை. 90,000 ரூபாய்ச் சரக்கை 22,500-க்கு வாங்கிய மாதிரிதான் மனதில் பதிந்தது.

சாயங்காலம், நம் பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் சி.டி.எஸ்.எல். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஓ.டி.பி. போட்டு பங்குகளை அடகு வைத்தேன். பங்கு நம் டீமேட் கணக்கிலேயே இருக்கும், புரோக்கர் பெயரில் அடகு விழும். அது நல்ல ஏற்பாடு. நகைக்கடன் மாதிரிதான் இது: நூறு ரூபாய்ப் பங்குக்கு எழுபத்தைந்து ரூபாய் கடன். ஆனால் வங்கியில் வைத்த நகையை ஒரு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். இங்கே தினமும் சந்தை முடிந்ததும் விலை போட்டுப் பார்க்கிறார்கள்.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. சந்தைக் குறியீடான நிஃப்டி 1,379 புள்ளி சரிந்தது. எஸ்.பி.ஐ. சுமார் 14 சதவீதம் விழுந்து 775-க்கு வந்தது. என் பங்கின் மதிப்பு 77,500, கடன் அதே 67,500. என் பணமாக மிஞ்சியது 10,000. விலை குறைந்தது 12,500 ரூபாய்தான், ஆனால் நான் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் அது. மதிப்பில் கால்வாசி, அதாவது 19,375 ரூபாய், என் பணமாக இருந்தாக வேண்டும்; இதைத்தான் மார்ஜின் என்கிறார்கள். 9,375 குறைகிறது என்று ராத்திரி பத்தரைக்கு மெயில் வந்தது. மெயில் மட்டும்தான். எஸ்.எம்.எஸ். இல்லை, ஆப்பில் அறிவிப்பும் இல்லை. தூங்கப் போகும்முன் தற்செயலாகப் பார்த்தேன்.

காலையில் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த தம்பி தமிழில் பொறுமையாகப் பேசினார். "மேடம், ஒன்பது மணிக்குள்ள போட்டுடுங்க, இல்லன்னா சிஸ்டமே வித்துடும்" என்றார். சீட்டு கட்ட எடுத்து வைத்திருந்த பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். ஜூன் 7 முடிவில் நிஃப்டி 3-ஆம் தேதி முடிவையே தாண்டிவிட்டது. கைப்பணத்தில் வாங்கியவர்கள் அந்த மூன்று நாளைச் சும்மா இருந்தே கடந்தார்கள். அந்த மெயிலைப் பார்க்காமல் விட்டவர்களின் பங்கு அடிமட்ட விலையில் போயிருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஜூலை இரண்டாவது வாரம் 860-ஐ ஒட்டி விற்றேன். பங்கில் நஷ்டம் 4,000. வட்டி நாளுக்கு 27 ரூபாய் வீதம் 36 நாளுக்கு 972. சனி, ஞாயிறுக்கும் வட்டி உண்டு. அடகு வைக்க, எடுக்க, தரகு என்று சில்லறைச் செலவு தனி.

பாராட்ட வேண்டியதையும் சொல்கிறேன். வட்டிக் கணக்கை நாள்வாரியாகத் தனிப் பக்கத்தில் காட்டுகிறார்கள். நான் நோட்டில் போட்ட கணக்கோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனது. மறைமுகப் பிடித்தம் எதுவும் இல்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். வாங்கும் பொத்தானுக்கு மேலேயே கடன் தொகையையும் ஒரு நாள் வட்டியையும் காட்டுங்கள், மார்ஜின் குறைந்தால் போன் செய்யுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். 'கடன் 67,500, நாளுக்கு 27 ரூபாய்' என்று அன்றைக்கு அந்தத் திரையில் ஒரு வரி இருந்திருந்தால் 100 பங்கு வாங்கியிருக்க மாட்டேன், கையில் இருந்த காசுக்கு 25 வாங்கியிருப்பேன்.