இறைச்சி, பால்-முட்டை சைவம், வீகன்: கோடு எங்கே விழுகிறது?

சைவமா அசைவமா என்று பேச்சு எழுந்தால் ஒருவர் உயிரைப் பற்றிப் பேசுவார். எதிரில் இருப்பவர் புரதத்தைப் பற்றிப் பதில் சொல்வார். மூன்றாமவர் புவி வெப்பத்தை எடுத்துப் போடுவார். மூவருக்கும் தாங்கள் ஒரே விஷயத்தைப் பேசுவதாகத்தான் நினைப்பு. உண்மையில் இவை மூன்று தனிக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் கோடு வேறு வேறு இடத்தில் விழுகிறது.

உயிரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு இதுதான் பெரிது. இறைச்சி உண்பவரின் தட்டில் ஓர் உயிர் போயிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பால், முட்டையோடு நிற்கும் சைவத்தில் அது தெரிவதில்லை. ஆனால் போகத்தான் செய்கிறது. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். பால் நிற்காமல் வர வேண்டுமென்றால் மறுபடியும் மறுபடியும் சினைப்படுத்த வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக்கன்றுகள். பெரும் பண்ணைகளின் வரவு செலவில் அவற்றைக் கடைசிவரை வைத்துத் தீனி போட இடமில்லை. பெரும்பாலும் இறைச்சிக்கே போகின்றன. பால் குறைந்த பசுவுக்கும் அதே வழிதான். 20 ஆண்டுகள் வாழக்கூடிய மாடு அங்கே 5, 6 வயதிலேயே கழிக்கப்படுகிறது.

முட்டையின் கதை இன்னும் கொடியது. முட்டைக்கென வளர்க்கும் கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையிடாது. இறைச்சிக் கோழியைப் போல வேகமாகச் சதை பிடிக்கவும் செய்யாது. அதனால் பொரித்த அன்றே அரைத்தோ, வாயு செலுத்தியோ கொன்றுவிடுவது பல நாடுகளில் வழக்கம். ஜெர்மனி 2022-இல் இதைத் தடை செய்தது. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் பால், முட்டையையும் விலக்கியவர்களுக்காக ‘வீகன்’ என்ற சொல்லை உருவாக்கியதற்குப் பின்னால் இந்த உறுத்தல்தான் இருந்தது. கொல்லாமைதான் ஒருவருடைய காரணம் என்றால், பாலோடு நிற்கும் சைவம் பாதி வழி. இதைச் சொல்லும்போது பல நல்ல மனங்கள் புண்படும் என்று தெரியும். ஆனாலும் கன்றின் பக்கமிருந்து பார்த்தால் வேறு எப்படிச் சொல்வது?

பயிர் விளைவிக்கும்போதும் எலியும் பூச்சியும் சாகவில்லையா என்று கேட்பார்கள். சாகின்றன. ஆனால் பண்ணை விலங்குகளுக்கும் தீவனம் வயலிலிருந்துதான் பெருமளவு வருகிறது. அந்தக் கணக்கும் இறைச்சிப் பக்கத்தில்தான் கூடும்.

காலநிலைக்கு வந்தால் கோடு நகர்ந்துவிடுகிறது. 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை அலசி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும், புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்கள் சராசரியாக இப்படி: இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டிலிருந்து சுமார் 50 கிலோ, பாலாடைக்கட்டியில் 11, கோழியில் 6-க்குச் சற்றுக் குறைவு, முட்டையில் 4, பட்டாணியில் அரைக் கிலோவுக்கும் குறைவு. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு உருவாகிறது. மாடு எங்கே வளர்ந்தாலும் அதைத் தவிர்க்க முடியாது. ஆக, இறைச்சியை விட்டுவிட்டுப் புரதத்துக்குப் பாலாடைக்கட்டியை நம்பும் சைவர், இந்த ஒரு கணக்கில் கோழி உண்பவரைவிடப் பின்னால் நிற்கிறார். மாட்டிறைச்சியை மட்டும் கைவிட்ட அசைவர் செய்திருப்பது சின்னக் காரியமில்லை.

எனக்கு மிகவும் கடினமாக இருப்பது இந்த இடம்தான். காலநிலைக்காக மாட்டை விட்டுக் கோழிக்கு மாறினால், சாகும் உயிர்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறுகிறது. ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும். அதே அளவுக்கு நூறு கோழிகளாவது வேண்டும். உலகில் ஓராண்டில் கொல்லப்படும் மாடுகள் சுமார் 30 கோடி. கோழிகள் 7,000 கோடிக்கும் மேல். அந்தக் கோழிகளில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க அடைபட்டுக் கிடப்பவை. இரண்டு நியாயங்களும் இங்கே எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி பயறும் பருப்பும் பக்கம் போவதுதான்.

மேய்ச்சல் நிலமெல்லாம் உழவுக்கு ஆகாதே என்பது நியாயமான பேச்சு. புல் மட்டுமே முளைக்கும் வறண்ட நிலத்தில் ஆடு மாட்டை நம்பி வாழ்பவரிடம் பயறு தின்னச் சொல்ல எனக்கு வாய் வராது.

உடல்நலத்தில் யாருக்கும் முழு வெற்றி இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது. நாளுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. இந்த 18 சதவீதம் ஏற்கெனவே உள்ள ஆபத்தின் மேல் ஏறுவது. நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று பொருளில்லை. மறுபுறம், பிரிட்டனில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வில், சைவர்களுக்கு இதய நோய் 22 சதவீதம் குறைவாகவும் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாகவும் இருந்தன. வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூடுதல். புரதம் பெரிய சிக்கலில்லை. தானியத்தில் குறையும் லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பு ஈடுகட்டும். இரும்புச்சத்துக்குக் கவனம் வேண்டும். தாவர இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இன்னும் குறையும், வைட்டமின் சி சேர்ந்தால் கூடும்.

வீகன் உணவின் உண்மையான ஓட்டை வைட்டமின் பி12. அதை உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். எந்தக் காய்கறியையும் அதற்காக நம்ப முடியாது. பெரியவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு இருப்பதால், முதலில் ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது கைகால் மரத்துப்போகத் தொடங்கியிருக்கும்; தாமதித்தால் நரம்புச் சேதம் முழுதாகச் சரியாகாமலும் போகலாம். பாலூட்டும் தாய்க்கு இந்தக் குறை இருந்தால் குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் இராது; சில மாதங்களிலேயே வளர்ச்சி தடுமாறும். அதனால் வீகனாக முடிவெடுக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, பி12 மாத்திரை தொடங்கியாயிற்றா என்பதைத்தான்.