மேடையில் வாசிக்கத் தாளா, டேப்லெட்டா?

கூட்டத்தின் முன் எதையாவது வாசிக்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் நான் அச்செடுத்த தாளோடுதான் போகிறேன். கொஞ்ச காலம் டேப்லெட்டில் வாசித்துப் பார்த்த பிறகு வந்த முடிவு. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

டேப்லெட்டின் வசதிகள் தெரிந்தவைதான்: எழுத்தைப் பெரிதாக்கலாம், கடைசி நிமிடத்தில் திருத்தலாம், அரங்கில் விளக்கை அணைத்தாலும் வாசிக்கலாம். தாளுக்கு வெளிச்சம் வேண்டும், காற்றடித்தால் பறக்கும். செல்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம். விரல் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு விஷயம் ஒன்றுதான். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தால், விட்ட வரி உடனே கண்ணில் படுகிறதா? உரக்க வாசிக்கும்போது கண் எப்போதும் குரலுக்குச் சில சொற்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் வாக்கியத்தின் கடைசிச் சொற்களை எதிரே இருப்பவர்களைப் பார்த்தே சொல்லிவிட முடிகிறது. திரும்பி வரும்போது வரி அகப்படாவிட்டால் ஒரு விநாடி மௌனம். கேட்பவர்கள் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள், வாசிப்பவருக்கு வியர்த்துவிடும். அப்புறம் நிமிரவே பயந்து, மிச்சத்தைத் தலை குனிந்தபடியே படித்து முடிப்பார்.

தாளில் வரி நகராது. ‘நடுவுக்குச் சற்றுக் கீழே, புதுப் பத்தி’ என்று கண்ணே இடத்தை நினைவு வைத்துக்கொள்ளும். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து வரியோடு இறக்கிக்கொண்டே வரலாம். டேப்லெட்டில் அதே விரல் பட்டால் பக்கமே ஓடிவிடுகிறது. பிடிஎஃப்பாக்கி, பக்கம் பக்கமாகப் புரளும்படி வைத்தால் பாதித் தொல்லை தீரும் என்பதும் உண்மை.

பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதும் தாளில் நம் கையில். தமிழில் உண்டா இல்லையா என்பது வாக்கியக் கடைசியில்தான் தெரியும். ‘அவர் அதை ஏற்றுக்கொள்ள’ என்று பக்கம் முடிந்து, ‘வில்லை’ அடுத்த தாளில் கிடந்தால், குரல் அதற்குள் ‘ஏற்றுக்கொண்டார்’ என்ற தொனிக்குப் போயிருக்கும். எனவே ஒவ்வொரு தாளையும் முழு வாக்கியத்தோடு முடிக்கிறேன். அடியில் கால்வாசி காலியாகக் கிடந்தாலும் நல்லதே. தாளின் அடிவரை குனிய வேண்டியிராததால் முகவாய் நெஞ்சில் இடிக்காது, குரலும் அமுங்காது. எழுத்தின் அளவு 16 புள்ளி (பாயிண்ட்), வரி இடைவெளி ஒன்றரை, ஒரு பக்கம் மட்டும் அச்சு. இரு ஓரமும் நேராக வரும்படி சீராக்க வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். பக்க எண் கட்டாயம். ஸ்டேப்ளர் அடிக்காமல், படித்த தாளை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் மைக்கில் சலசலப்பு கேட்காது.

தாளின் பெரிய குறை, கை நடுக்கத்தைக் காட்டிக்கொடுப்பது. போடியம் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அடியில் ஒரு கெட்டி அட்டை வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் டேப்லெட்டின் கனம் கைகொடுக்கிறது.

மின்நூல் படிக்கும் கருவியான கிண்டிலில் சின்னக் கூட்டங்களில், உட்கார்ந்தபடி மட்டுமே வாசித்திருக்கிறேன். கண் கூசவில்லை, பக்கம் மாறும்போது வரும் சிறு தாமதம் உறுத்தியது. அதை வைத்துப் பெரிய மேடைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டேப்லெட்தான் வசதி என்பவர்கள், ஏறுமுன் ஏரோபிளேன் மோடில் போட்டு, திரை தானாக அணைவதை நிறுத்திவிடுங்கள். வெளிச்சத்தையும் குறையுங்கள், இருட்டு அரங்கில் அது கீழிருந்து முகத்தில் அடிக்கும்.