பனி போயும் போகாத பிடிப்பு: எண்ணெய்க் குளியலா, ஒத்தடமா, தைலமா, அசைவா?

மாசி பிறந்த பிறகும் காலையில் இடுப்பு நிமிர மறுக்கிறது, கழுத்தைத் திருப்பினால் தோளும் சேர்ந்தே திரும்புகிறது என்று வேலூர்ப் பக்கம் பலரும் சொல்வார்கள். மார்கழியும் தையும் உடம்பைக் குறுக்கிப் படுத்ததும், விடியற்காலை நடையை நிறுத்தியதும்தான் பெரும்பாலும் காரணம். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் குளிர் கூடுதல் என்பதால் பிடிப்பும் கூடுதல். குடியாத்தத்தில் தறிக்குழியில் கால் விட்டு உட்காருகிறவர்கள், சம்மணமிட்டு பீடி சுற்றுகிறவர்கள், ஆம்பூரில் ஷூ தைக்கும் மெஷின் முன் குனிந்தே இருப்பவர்கள் ஆகியோருக்குக் குளிர் ஒரு பங்கு, உட்கார்ந்த வேலை இரண்டு பங்கு. ‘வாய்வு’ என்று பூண்டு தின்று இது தீராது.

எண்ணெய்க் குளியல் முழு உடம்புக்கும் நல்லது, ஆனால் வாரத்துக்கு ஒரு நாள்தான் நடக்கும். ஒருவருக்கு 60 மில்லி நல்லெண்ணெய் போதும். ஐந்தாறு மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் போட்டு, சிறு தீயில் மிளகு பொரிந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் தேய்க்க வேண்டும். பலன் எண்ணெயைவிடத் தேய்ப்பதிலும் வெந்நீரிலும்தான் இருக்கிறது. கெண்டைக்காலைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். நடு முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும். தலையில் மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போன் பார்த்தால் எண்ணெய் ஆறிப்போகும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. குளியலறை டைல்ஸில் ஒரு பழைய கோணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிடிப்புக்குக் குளிக்கப் போய் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது வயதானவர்களுக்கு நடக்கக்கூடியதுதான். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்காதே என்று வீட்டில் சொல்வதிலும் ஒரு பயன் உண்டு: தளர்ந்த முதுகு மறுபடி அசையாமல் கிடந்தால் இறுகிவிடும்.

தினசரி, ஓரிடத்துப் பிடிப்பு என்றால் ஒத்தடத்துக்குத்தான் எங்கள் ஓட்டு. இரண்டு கைப்பிடி கல் உப்பை இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல், படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக்கி அதில் முடிச்சாகக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் துணி உருகி ஒட்டிக்கொள்ளும். முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று எண்ணும் வரை பொறுக்க முடியாவிட்டால் ஆறவிடுங்கள். பிடிப்புள்ள இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்து, 15 நிமிடத்தில் நிறுத்திவிடலாம். உப்புச் சூடு சீக்கிரம் இறங்குவதால் முடிச்சுகள் இரண்டு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நொச்சி இலையை லேசாக எண்ணெய் விட்டு வதக்கிக் கட்டினால் ஈரச் சூடு. வாசமும் இதமாக இருக்கும். எருக்கிலை வைப்பவர்கள் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வெந்நீர்ப் பையானால் முக்கால் பங்குக்குக் குறைவாக ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டு சுற்றி வையுங்கள்; கொதிநீர் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஒத்தடம் ஆபத்து. சூடு தெரியாமலே தோல் வெந்து, புண் ஆறாமல் போகும். இன்று சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்கும் சூடு கூடாது.

தைலம், ஸ்ப்ரே பஸ்ஸில் போகிறவர்களுக்கு வசதி. அவ்வளவுதான். மென்தால் தரும் குளிர்ச்சி வலியைச் சற்று மறக்கடிக்கும், தசையை நீட்டிவிடாது. தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் வைப்பது பலர் செய்யும் தவறு, தோல் வெந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெத்தில் சாலிசிலேட் சேர்ந்த தைலத்தை டாக்டரிடம் கேட்காமல் அடிக்கடி பூச வேண்டாம்.

மேலே சொன்ன எதுவானாலும் சுகம் சில மணி நேரம்தான். அதற்குள் உடம்பை அசைத்தால்தான் பிடிப்பு விடும். ஒத்தடம் எடுத்த கையோடு மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புக்கு இழுத்து 20 முதல் 30 விநாடி நிறுத்துங்கள். பக்கத்துக்கு மூன்று முறை. பிறகு இரு முழங்கால்களையும் மடக்கிப் பத்து முறை இடமும் வலமும் சாயுங்கள். சுவரில் கை ஊன்றி, பின்கால் குதிகால் தரையை விடாமல் கெண்டைக்காலை நீட்டுங்கள். தோள் இறுக்கத்துக்கு, வாசல் நிலையின் இருபக்கமும் முன்கையை வைத்து ஓரடி முன்னால் வைத்தால் போதும். மூச்சை அடக்காதீர்கள், ஆட்டி ஆட்டி இழுத்தால் தசை எதிர்த்து இறுகும். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது.

பிறகு 15 நிமிட நடை. வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை வளாகம் இருக்கிறது, சமதளம். எடுத்தவுடன் ரத்தினகிரி மலைக்கோயில் படி ஏற வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பழிவாங்கும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கும். பீடி சுற்றுகிறவர்களும் தறிக்காரர்களும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இடுப்பில் கை வைத்து ஐந்து முறை பின்னால் வளைந்தால், இரவு ஒத்தடத்தின் தேவையே குறையலாம்.

எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரல்களை மடக்க முடியாமல், இரு கை மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது பனிப் பிடிப்பு அல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். இடுப்பு வலியோடு கால் மரத்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ ஒத்தடத்தை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.