‘ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்’ வக்கீல் சேவை: வேலையில் அடிபட்டவருக்குச் சரிப்படுமா?

விரல் மெஷினில் நசுங்கி, சம்பளமும் நின்றுபோனவருக்கு முன்பணம் கேட்காத வக்கீல் பெரிய ஆறுதல். அந்த வகையில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தரலாம். கோளாறு ஒப்பந்தத்தில்தான்.

ஃபீஸ் என்பது கிடைக்கும் இழப்பீட்டில் ஒரு பங்கு; அந்தச் சதவீதம் எதன் மேல் என்று பாருங்கள். இழப்பீடு 10 லட்சம், வழக்குச் செலவு 1 லட்சம், ஃபீஸ் 25 சதவீதம் என்று வையுங்கள். மொத்தத்தின் மேல் கணக்கிட்டால் கையில் மிஞ்சுவது 6.5 லட்சம்; செலவு கழித்த பிறகு கணக்கிட்டால் 6.75 லட்சம். தோற்றால் செலவு யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பல நாடுகளில் சட்டப்படியான இழப்பீட்டுக்கு முதலாளியின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை. மனு போட்டாலே வரக்கூடிய அந்தப் பணத்திலும் பங்கு கேட்பது அநியாயம்.

நல்ல வக்கீல் முதலில் கேட்பது முதல் நாள் மருத்துவச் சீட்டைத்தான். அதில் ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால் கேஸ் அங்கேயே தளர்ந்துவிடும். ‘வேலை செய்யும்போது, மெஷினில்’ என்று பதிவாகியிருக்க வேண்டும். விபத்துப் பதிவேட்டின் நகல், பார்த்தவர்களின் பெயர், சம்பளச் சீட்டு இவையும் வேண்டும்.

காயம் முழுதாக ஆறுமுன் ‘முழு இறுதித் தீர்வு’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்துகிறவரிடம் போகாதீர்கள். பிறகு வரும் ஆபரேஷன் செலவு உங்களுடையதாகிவிடும்.